வளவு பார்க்கப் போகிறவர்களுக்கு: பூனைக்காலியைத் தெரிந்துகொண்டு போங்கள்

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் இராணுவம் பிடித்து வைத்திருந்து இப்போது விடுவித்த காணியைப் பார்க்க ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1990 ஆனியில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய வீட்டு வளவு, 25 வருடத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. இப்போது அங்கே கிணறும் பற்றையும்தான்.

சித்தப்பா போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே கதை: "நீ ஒருக்கா வந்து நிண்டால்தான் அளக்கலாம்." அவருக்குத் தெரியாத எல்லையா என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் மார்ச் விடுமுறைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேற்கு வேலிப் பக்கம் பற்றைக்குள் ஒரு கொத்துக் காய் தொங்கியது. விரல் நீளம், நுனி வளைந்து, பொன்னும் மண்ணிறமும் கலந்த மயிர் பட்டுப்போல மூடியிருந்தது. எந்தப் பிள்ளையும் தடவத்தான் பார்க்கும். சித்தி "தொடாதை பிள்ளை!" என்று கத்தியபோது மகள் தடவி முடித்து, அதே கையால் கழுத்தையும் துடைத்துவிட்டாள். பூனைக்காலி, மயிர் பட்டால் தாங்க முடியாமல் அரிக்கும் காய். எட்டு வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த காய், அன்று பக்கத்தில் நின்றும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

காய் இல்லாத காலத்தில் இலையைப் பாருங்கள்: அவரையைப் போல மூன்று மூன்றாக வரும், பூ ஊதா. கொடியைவிடக் காயின் மயிர்தான் பொல்லாதது, காய் முற்றினால் காற்றிலும் பறக்கும். பட்டால் தேய்க்கவே கூடாது, தேய்க்கத் தேய்க்க மயிர் உள்ளே இறங்கும். உடுப்பைக் கழற்றி, பட்ட இடத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தெடுத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அன்றைக்கே காணி அலுவலகத்துக்குப் போகவேண்டும், விட்டால் அடுத்த புதன்தான், எனக்குச் செவ்வாய் விமானம். பிள்ளை அழ அழ ஆட்டோவில் ஏற்றினோம். மூன்று மணி நேரம் வாங்கில் இருந்தோம். மகளின் கழுத்து தடித்துச் சிவந்துகொண்டே வந்தது, சித்தி விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே கூப்பிட்டு, அப்பாவின் கனடா மரணச் சான்றிதழை மொழிபெயர்த்து உறுதிப்படுத்திக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதைச் சித்தப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தால் நான் ரொறன்ரோவிலேயே முடித்திருப்பேன். ஆகவே போவதற்கு முன் என்னென்ன பத்திரம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு ஏதாவது என்றால் அலுவலகத்தை விடுங்கள், காணி எங்கும் ஓடிப்போகாது. அன்று நான் அப்படிச் செய்யவில்லை.

மற்றச் செடிகளையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சோண்டி, தமிழ்நாட்டில் செந்தட்டி என்பார்கள், வேலியில் சுற்றிப் படரும் மெல்லிய கொடி. இலை விளிம்பு வாள்பல் போல இருக்கும், உடம்பெல்லாம் சுணை, பட்ட உடனே நெருப்பாய் எரியும். கள்ளி வேலியை வெட்டும்போது பால் கண்ணில் தெறித்தால் பார்வையே மங்கும். குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே கண் வைத்தியரிடம் போங்கள். எருக்கம்பாலுக்கும் இதுதான். வெள்ளைப் பொட்டுப் பூவோடு கரட் இலை போன்ற இலையுள்ள பாத்தீனியம் உடனே சுடாது, ஆனால் அடிக்கடி பட்டால் முகமும் கையும் சொறிந்து வெடிக்கும். 1987இல் இந்தியப் படை கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். அப்புறம், கண்ணிவெடி அகற்றிய இடம் என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் கால் வைக்கவே வேண்டாம்.

மகளுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நாங்கள் வந்த பிறகு சித்தப்பா தனியே கத்தியோடு போய் மேற்கு வேலியைத் துப்புரவாக்கியிருக்கிறார், 71 வயதில். முழங்கை வரை தடித்த கையைப் படம் எடுத்துச் சித்திதான் அனுப்பினார். நீங்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பே ஆள் பிடித்துப் பற்றையை வெட்டுவியுங்கள், கூலியை நீங்கள் அனுப்புங்கள்.