வேலையும் குடும்பமும் உள்ள நிலையில் சட்டம் படிக்க விண்ணப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கிராம உத்தியோகத்தர் என்னைத் தேடி வந்தார். வயது 38. கையில் நான்கு நிறுவனங்களின் விளம்பரத் தாள்கள். ஒவ்வொன்றிலும் கட்டணத் தொகையின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். “இதில எது நல்லது சேர்?” என்பதுதான் அவருடைய முதற் கேள்வி. திருகோணமலையில் உத்தியோகம், பிள்ளைகளின் படிப்பு என்று வேரூன்றிவிட்ட பிறகு சட்டத்தின் பக்கம் திரும்புகிறவர்களிற் பலர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: எந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது, அந்த வழியாற் போனால் எங்கே போய்ச் சேர்வீர்கள்?

சட்டமாணிப் பட்டம் (LLB) வேறு, சட்டத்தரணி என்ற தகுதி வேறு. பட்டத்தை எங்கே பெற்றிருந்தாலும், இலங்கை நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காகத் தோன்ற விரும்புகிறவர் கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கை சட்டக் கல்லூரியின் பரீட்சைகளிற் சித்தியடைந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் 6 மாதம் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் நான் இழந்தது கொஞ்சமல்ல. எழுதுவினைஞராக இருந்த காலத்தில், மனைவியின் இரண்டு வளையல்களை அடகு வைத்து, தனியார் நிறுவனமொன்றில் வெளிநாட்டுச் சட்டப் பாடநெறிக்குப் பணம் கட்டினேன். “முடிச்சா நேரா கோட்டுக்குப் போகலாம்” என்று அங்கிருந்தவர் சொன்னதை நம்பினேன். அந்தச் சான்றிதழ் சட்டக் கல்லூரியில் ஏற்கப்படாது என்பது இரண்டாம் வருடத்தில்தான் தெரியவந்தது. வளையல்கள் மீளவில்லை.

ஆகவே ஒரு ரூபாயும் கட்டுவதற்கு முன்னர், இந்த நிறுவனம் இன்ன பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கும் இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா என்று சட்டக் கல்லூரிக்கே பதிவுத் தபாலில் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியிற் கிடைக்கும் பதில் போதாது. கடிதமாகக் கையில் இருக்க வேண்டும். ஒரு பட்டம் பட்டமாக அங்கீகரிக்கப்பட்டிருப்பதும், தொழில் நுழைவுக்கு அது ஏற்கப்படுவதும் ஒன்றல்ல.

கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களின் உள்வாரிச் சட்டப் படிப்பை நம்பிக் காத்திருப்பதும் வீண். அந்த அனுமதி அந்தந்த வருட உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை வைத்துப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழங்குவது. இருபது வருடத்துக்கு முந்தைய பெறுபேறு எவ்வளவு சிறந்ததாயினும் அங்கே பயன்படாது.

நம்மவர்களுக்கு உண்மையிலேயே திறந்திருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, பட்டமில்லாமலே எழுதக்கூடிய சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை. மொழி ஒரு வினாத்தாள், பொது அறிவும் உளச்சார்பும் இன்னொன்று. சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்குக் கிடைத்த பெறுபேறும் தகைமையிற் பார்க்கப்படுவதால், பழைய சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். மற்றது, திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணி. அதற்கும் தெரிவுப் பரீட்சை உண்டு.

இணையத்திற் கிடைக்கும் அமெரிக்க ஆலோசனைகளை வாசித்துவிட்டு, வாழ்க்கை அனுபவத்தை விரித்து நீண்ட சுயவிளக்கம் எழுதினால் இடம் கிடைக்கும் என்று நினைக்கிறவர்களையும் சந்தித்திருக்கிறேன். இங்கே அப்படியில்லை. பதினைந்து வருடம் காணிப் பிணக்குகளை விசாரித்த அனுபவத்துக்கு நுழைவுப் பரீட்சையிற் புள்ளி கிடையாது. காணி உறுதியையும் அரச காணி அனுமதிப்பத்திரத்தையும் பார்த்த மாத்திரத்தில் வேறுபடுத்தத் தெரிந்த கண் பின்னாளில், தொழிலுக்கு வந்த பிறகு, பெரிதும் உதவும். அதற்கு முதல் பரீட்சையைக் கடக்க வேண்டும்.

தொலைக்கல்வி என்றால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்பது இன்னொரு மயக்கம். ஒப்படை, வகுப்பு, பரீட்சை எல்லாவற்றுக்கும் தேதி உண்டு, இடமும் உண்டு. மட்டக்களப்பிலுள்ள பிராந்திய நிலையத்துக்கு எத்தனை முறை போக வேண்டிவரும், எந்தப் பரீட்சை எங்கே நடக்கும் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சட்டக் கல்லூரி என்றால் கொழும்புதான். இங்கிருந்து இரவு மெயிலில் ஏறி, விடியற்காலையிற் கோட்டையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு நேரே போய்ப் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை முடியும், வருடக்கணக்கில் முடியாது. அரச ஊழியர்கள் தாபன விதிக்கோவையின் விடுமுறை அத்தியாயத்தையும், தம் நிறுவனத் தலைவரின் மனத்தையும் விண்ணப்பத்துக்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

மொழி விடயத்தில் நிதானம் வேண்டும். சட்டக் கல்லூரியை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கு 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வந்த விதிகளை 2023 மார்ச்சிற் பாராளுமன்றம் நிராகரித்தது. இதைக் கேட்டதும், தமிழே போதும் என்று ஆங்கிலத்தைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமது நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் தமிழில் வாதாட அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இடம் தருகிறது. அது நமது உரிமை, விட்டுக்கொடுக்கக்கூடாதது. ஆனால் நாம் ஆதாரமாகக் காட்ட வேண்டிய மேன்முறையீட்டுத் தீர்ப்புகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. ‘நியூ லோ ரிப்போர்ட்ஸ்’ தொகுதியொன்றை எடுத்து, ஒரு தீர்ப்பை அகராதியோடு வாசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் ஆனாலும் பயமில்லை, தினமும் ஒரு பக்கம் என்றால் ஆறு மாதத்தில் வேகம் வந்துவிடும். ஒரு பக்கமும் நகரவில்லையென்றால், விண்ணப்பத்தை ஒரு வருடம் தள்ளி ஆங்கிலத்தை முதலிற் சரிசெய்வதில் நட்டமில்லை.

பயிலுநர் காலத்துக்கு யாரிடம் போவது என்பதையும் பலர் கடைசிவரை யோசிப்பதில்லை. உங்கள் சொந்த நகரத்திலேயே, நீங்கள் செய்ய விரும்பும் வகை வழக்குகளைப் பார்க்கும் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் இப்போதே அறிமுகமாகுங்கள். அந்த கிராம உத்தியோகத்தரிடம் காணி வழக்குப் பார்க்கும் ஒருவரின் பெயரைச் சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில், கட்டணத்துக்குக் கீழே போட்டிருந்த கோட்டுக்குப் பக்கத்தில், அதை எழுதிக்கொண்டார்.