கந்தகப் புகை கரைந்துவிடுவதில்லை

எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் வரி இது: "சல்பர் டை ஆக்சைடு மழைநீரில் கரைந்து சல்பியூரிக் அமிலம் ஆகிறது." தவறு. கந்தகம் எரிந்து வரும் இந்த வாயு வெறும் நீரில் கரைந்தால் கிடைப்பது வலுக்குறைந்த சல்பியூரஸ் அமிலம். சல்பியூரிக் ஆக வேண்டுமென்றால் நடுவில் ஆக்சிஜனேற்றம் நடக்க வேண்டும். பகல் வெயிலில் உருவாகும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (எதோடும் சட்டென்று வினைபுரியும் OH துண்டு) முதலில் வாயுவைப் பிடிக்கிறது. அப்புறம் ஆக்சிஜனால் அது சல்பர் டிரை ஆக்சைடாகி, நீராவியோடு சேர்ந்து அமிலமாகிறது. மேகத்துளிக்குள் இதே வேலையை ஹைட்ரஜன் பெராக்சைடு இன்னும் வேகமாகச் செய்யும். இந்த நடுப்படியை விட்டுவிட்டால், இங்கே கிளம்பிய புகை ஏன் வேறெங்கோ போய் இலையைக் கருக்குகிறது, சுண்ணாம்புக் கல்லை அரிக்கிறது என்பது புரியாது. மாறுவதற்கு ஓரிரு நாள் ஆகும். அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்விடும்.

அதனால்தான், அளவீட்டில் வாயு குறைவாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள் என்கிறேன். நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 40. சரி, அதற்கும் கீழே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாறிப்போன பங்கு எங்கே? அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் துகளாகி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் கணக்கில் நிற்கிறது. நுரையீரலின் ஆழம்வரை போவது அந்தத் துகள். தயவுசெய்து வாயு அளவு, துகள் அளவு என்ற இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள்.

சுத்தமான மழையின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) 7 என்று எழுதாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால் அது சுமார் 5.6. மழை 6 காட்டினால் கந்தகமே இல்லை என்றும் முடிவு கட்டக்கூடாது. நம் ஊர்க் காற்றில் பறக்கும் மண்தூசியின் கால்சியம் அமிலத்தைச் சமன் செய்துவிடும், சல்பேட் அப்படியே இருக்கும்.

கூவத்தின் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. சல்பர் டை ஆக்சைடின் நெடி, தீக்குச்சி உரசியதும் மூக்கில் ஏறுமே, அது.

பழியை வண்டிகள்மேல் போடுவதும் பொருந்தாது. 2020 ஏப்ரல் முதல் பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. உயரமான புகைபோக்கி அதைக் குறைக்காது, தூரத்து ஊருக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவினால்தான் குறையும். அனல் மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் வந்த கந்தக வரம்பிலிருந்து, 2025 ஜூலையில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள், புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் போதும் என்று.