படத்துக்குக் கீழே பேச்சு வர

எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களுக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். சித்திரைத் திருவிழா வந்தால் அழகர் படங்கள் அடுக்கடுக்காக வந்து விழும். பதிலுக்குக் கட்டைவிரல், கும்பிடு, அவ்வளவுதான்.

குழுவை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்ததும் மாற்றியது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரே படம், கூடவே ஒரு கேள்வி. முதலில் மதுரைப் பத்துத்தூண் சந்தின் படத்தைப் போட்டேன். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சமாக நிற்கும் கல்தூண்கள், அவற்றை ஒட்டி ஜவுளிக் கடைகள். "இது எந்த இடம்?" என்று கேட்கவில்லை, மதுரைக்காரர் எவரும் ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார். "இங்கே கடைசியாக என்ன வாங்கினீர்கள்?" என்றேன். கல்யாணப் புடவை, சீருடைத் துணி, பேரத்தில் தோற்ற கதை என்று வரத் தொடங்கியது. தட்டச்சு வராத பெரியவரிடம், "ஐயா, பேசியே அனுப்புங்கள்" என்றேன். சிறுவயதில் மூன்று பேர் கைகோத்தால்தான் தூணைச் சுற்றிப் பிடிக்க முடிந்தது என்றார். இல்லை, நான்கு பேர் என்றார் இன்னொருவர். இரவு வரை வழக்கு ஓயவில்லை.

பிறர் போடும் படத்திலும் மூலையில் எதையாவது பிடித்துக்கொள்வேன்: "அந்தச் சைக்கிள் யாருடையது?"

காலை வணக்கப் படங்களுக்கு மட்டும் இன்னும் மருந்து கிடைக்கவில்லை.