போர் தண்ணீர் ஊரில் மின்சாரக் கெட்டில்: பாதுகாப்பும் பராமரிப்பும்

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் உப்பு கூடிய போர் தண்ணீரைக் காய்ச்சினால், கெட்டிலின் அடித்தட்டு சில வாரத்திலேயே வெள்ளை பூத்துவிடும். தாமிரபரணித் தண்ணீர் வரும் வீட்டில் அதே கெட்டில் பல மாதம் பளிச்சென்று இருக்கும். அதனால் உங்கள் வீட்டுத் தண்ணீர் எது என்று முதலில் பாருங்கள்.

படி 1: 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் அது அதிகச் சுமை. பிளக்கின் முனைகள் சூடாகி பிளாஸ்டிக் இளகும். எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள்.

படி 2: புதுக் கெட்டிலில் இரண்டு முறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள்.

படி 3: கெட்டிலை அதன் மின்பீடத்திலிருந்து எடுத்துத் தண்ணீர் பிடியுங்கள். மேல் அளவுக் கோட்டைத் தாண்டினால் கொதிநீர் மூக்கு வழியே தெறிக்கும். மூடியை அழுத்தி மூடுங்கள். பெரும்பாலான கெட்டில்களில் கொதித்த ஆவி போய்ச் சுடவைத்தால்தான் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து சுவிட்சை அணைக்கும். மூடி திறந்திருந்தால் ஆவி வெளியே போய்விடும், கெட்டில் அணையாது. ஒரு லிட்டருக்கு நாலு நிமிஷம் போல ஆகும். பால் வேண்டவே வேண்டாம்; பொங்கி வழியும், அடியில் கருகும்.

படி 4: இதுதான் நம்ம ஊருக்கு முக்கியம். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது தடித்தால் சூடு தண்ணீருக்கு ஏறாது. தட்டு மட்டும் காய்ந்து, கொதிக்கும் முன்பே கெட்டில் அணையும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து (புளியங்குடிப் பழமென்றால் சாற்றுக்குக் கேட்கவே வேண்டாம்) கொதிக்கவிட்டு, பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஊறவையுங்கள். நுரைத்து வந்தால் படிவு கரைகிறது என்று அர்த்தம். மென்மையான பஞ்சால் துடைத்து, வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். கம்பி நார் போட்டால் கீறலில் படிவு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். போர் தண்ணீருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆற்றுத் தண்ணீருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். பழுப்புப் புள்ளிகளைக் கண்டதும் துரு என்று பயப்படாதீர்கள். பல நேரம் அது தண்ணீரில் உள்ள இரும்பின் கறை, இதே எலுமிச்சையில் போய்விடும்.

வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் முக்கக் கூடாது. அடியில் உள்ள இணைப்பில் ஈரம் பட்டால் நன்றாகக் காயும்வரை பீடத்தில் வைக்காதீர்கள்.

படிவை எடுத்த பிறகும் பாதியில் அணைந்தால் சுவிட்ச் பழுதாகியிருக்கலாம். பிளக் கருகியிருந்தாலோ தொடும்போது ஷாக் அடித்தாலோ, டேப் சுற்றிச் சமாளிக்காமல் அன்றைக்கே ஒதுக்கி வையுங்கள்.