ஹோஸ்டிங் மாற்றும்போது தமிழ் எழுத்து கேள்விக்குறி ஆகாமலிருக்க

பத்தமடைப் பாய்க் கடையோ பாளையங்கோட்டை டியூஷன் சென்டரோ, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் தமிழில் வெப்சைட் நடத்துகிற நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் ஹோஸ்டிங்கை, அதாவது வெப்சைட் இருக்கும் சர்வர் இடத்தை, மாற்றும்போது இதைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) பிஎச்பிமைஅட்மினை (டேட்டாபேஸைக் கையாளும் கருவி) திறந்து, இடப்பக்கம் டேட்டாபேஸ் (வெப்சைட்டின் எழுத்தெல்லாம் சேமிக்கப்படும் இடம்) பெயரைச் சொடுக்கி, எக்ஸ்போர்ட் கொடுத்து எஸ்க்யூஎல் ஃபைலை இறக்கிக்கொள்ளுங்கள்.

புதிய இடத்தில் டேட்டாபேஸ், யூசர் இரண்டையும் உருவாக்கினால் மட்டும் போதாது, அந்த யூசரை அந்த டேட்டாபேஸில் சேர்த்து அனுமதிகளையும் டிக் செய்யணும். பலரும் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான், அப்புறம் டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை என்று வேர்ட்பிரஸ் அப்படியே நிற்கும். டேட்டாபேஸ், யூசர் பெயர்களுக்கு முன்னால் சிபேனல் வழக்கமாக உங்கள் கணக்குப் பெயரையும் ஒரு அடிக்கோட்டையும் சேர்க்கும், வேர்ட்பிரஸின் அமைப்பு ஃபைலான டபிள்யூபி-கான்ஃபிக்கில் அதோடு சேர்த்து முழுசாகப் போடுங்கள்.

சரி, முக்கியமான விஷயம். இறக்கிய எஸ்க்யூஎல் ஃபைலைப் புதிய பிஎச்பிமைஅட்மினில் இம்போர்ட் செய்ததும், டேபிள் பட்டியலில் கொலேஷன் (எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்படுகின்றன என்று காட்டுவது) என்ற பத்தியைப் பாருங்கள், எல்லாம் தமிழைத் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 என்று தொடங்கணும். தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1 என்றிருக்கும் டேபிளில் நீங்கள் "கோரைப் பாய்" என்று எழுதிச் சேமித்தால் அது "?????? ????" என்று பதிந்துவிடலாம், பதிந்தபின் அந்த எழுத்தை அதிலிருந்து மீட்கவே முடியாது, பேக்கப்தான் ஒரே வழி. அதனால் புதிய தளத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பார்த்து முடிக்கும்வரை பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்யாதீர்கள்.