ஒரே சேவர்ல ரெண்டு ஜாங்கோ சைட்: வென்வ் போடுற விதம்

வெள்ளவத்தை டியூட்டரி ஒண்டின்ட சைட் ஓடுற சேவர்லயே போன மாசம் செட்டியார் தெரு நகைக்கடை ஒண்டின்ட ஸ்டொக் சைட்டையும் ஏத்தினன். ரெண்டும் ஜாங்கோவில, அதாவது பைத்தன்ல வெப்சைட் கட்டுற பிரேம்வேர்க்கில செஞ்சது: டியூட்டரிக்கு ஜாங்கோ 4.2, நகைக்கடைக்கு 5.2. ரெண்டுக்கும் பொதுவா ஒரே இடத்தில பிப் இன்ஸ்டோல் (பைத்தன் பக்கேஜ் போடுற கமான்ட்) அடிச்சா 4.2 போய் 5.2 வந்து குந்தியிரும், பிறகு டியூஷன் சைட் விழுந்தா ஆர் பதில் சொல்லுறது? வீட்டில மச்சச் சட்டி வேற மரக்கறிச் சட்டி வேற எண்டு வைக்கிறம்தானே, அதுதான் வென்வ்: ஒவ்வொரு புரொஜெக்ட்டின்ட பக்கேஜுகளையும் தனித்தனியா வைக்கிற போல்டர்.

முதல்ல உபுண்டுவில சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் பைத்தன்3-வென்வ். வென்வ் 2012ல பைத்தன் 3.3 ஓடயே வந்திட்டுது, ஆனா உபுண்டு அதைத் தனி பக்கேஜா வச்சிருக்கு, இதை விட்டா அடுத்த ஸ்டெப்ல எரர்தான்.

புரொஜெக்ட் போல்டருக்குள்ள போய் பைத்தன்3 -எம் வென்வ் .வென்வ் எண்டு அடியுங்கோ, பிறகு சோர்ஸ் .வென்வ்/பின்/அக்டிவேட். வரிக்கு முன்னால .வென்வ் எண்டு வந்தா சரி. இனி ஜாங்கோ, கூனிகோர்ன் (சேவர்ல ஜாங்கோ சைட்டை ஓடவைக்கிற புரோகிராம்) எல்லாம் பிப்பால போட்டிட்டு, பிப் ஃப்ரீஸ் அடிச்சு லிஸ்டை ரிக்குவயர்மென்ட்ஸ் பைல்ல சேவ் பண்ணுங்கோ.

இப்ப கவனம். நான் லப்டொப்பில செஞ்ச .வென்வ் போல்டரை அப்படியே சேவருக்குக் கொப்பி பண்ணினன், கூனிகோர்னை ஓடவிட்டா பேட் இன்டர்ப்ரிட்டர், நோ சச் பைல் எண்டுது, பைல் கண்ணுக்கு முன்னால கிடக்கு, இரவு ஒரு மணி வரைக்கும் தேடினன். கடைசியா அந்த கூனிகோர்ன் பைலையே திறந்து பார்த்தா முதல் வரியில என்ட லப்டொப்பின்ட ஹோம் போல்டர் பாதை முழுசா எழுதிக் கிடக்கு! வென்வ் செஞ்ச இடத்திலதான் வேலை செய்யும். அதால .வென்வை கிட்இக்னோர்ல (கிட் சேர்க்காம விடவேண்டிய பைல்களின்ட லிஸ்ட்) போடுங்கோ, ரிக்குவயர்மென்ட்ஸ் பைலை மட்டும் கொண்டுபோய், சேவர்ல புது வென்வ் செஞ்சு பிப் இன்ஸ்டோல் -ஆர் எண்டு அந்த பைலின்ட பேரோட குடுங்கோ.

சேவர்ல நேரா பிப் அடிச்சு எக்ஸ்டேர்னலி மனேஜ்ட் எண்டு எரர் வந்தா நீங்க வென்வுக்கு வெளியில நிக்கிறீங்க. பிரேக் சிஸ்டம் பக்கேஜஸ் எண்ட ஒப்ஷனைத் தயவுசெய்து போடாதீங்க, அது உபுண்டுவின்ட சொந்த பைத்தன்ல கை வைக்கிற வேலை.

கடைசியா சிஸ்டம்டி, அதாவது சேவர்ல சைட்டைப் பின்னால ஸ்டார்ட் பண்ணி ஓடவிடுற உபுண்டுவின்ட புரோகிராம். அக்டிவேட் செய்யிறது பெரிசா ஒண்டுமில்லை, அந்த டெர்மினலின்ட பாத்ல (கமான்டைத் தேடுற போல்டர்களின்ட லிஸ்ட்) .வென்வ்/பின்னை முன்னுக்கு வைக்கிறது, அவ்வளவுதான். சிஸ்டம்டிக்கு அது தெரியாது, அதால சேர்விஸ் பைல்ல எக்ஸெக்ஸ்டார்ட் வரியில .வென்வ்/பின்/கூனிகோர்ன் வரைக்கும் முழுப் பாதையையும் எழுதுங்கோ. ஒரு சைட்டுக்கு ஒரு சேர்விஸ் பைல், போர்ட்டும் 8001, 8002 எண்டு வேற வேறயா குடுங்கோ, குடுக்காட்டி ரெண்டும் 8000க்கே போய் ரெண்டாவது ஸ்டார்ட் ஆகாது.