ஒரு தேங்காயை உடைத்தால் இரவுச் சாப்பாடு

இரவுக்கு என்ன சமைப்பது என்ற கேள்வி வந்தால் பலருக்கும் முதலில் கறிதான் நினைவுக்கு வரும். நான் தேங்காயிலிருந்து தொடங்குவேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர்: மாமி, இவர், இரண்டு பிள்ளைகள், நான். புறக்கோட்டையில் வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலைக் கடந்து வந்து இறங்கும்போது ஆறரை ஆகிவிடும். எட்டு மணிக்குச் சாப்பாடு மேசைக்கு வராவிட்டால் சின்னவன் பிஸ்கட்டில் வயிற்றை நிரப்பிக்கொண்டு படுத்துவிடுவான். அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்குகிற சமையல் இது.

ஒரு நாளைக்கு ஒரு தேங்காய். உடைத்து, ஒரு பாதியைத் திருவிப் பூவாகவே வைத்துவிடுங்கள். அது புட்டுக்கோ, சம்பலுக்கோ, ரொட்டிக்கோ போகும். மற்றப் பாதியைத் திருவி, ஒரு கப் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் முதற்பால். அதை மூடி ஒதுக்கி வையுங்கள். அதே பூவில் இன்னும் இரண்டு கப் தண்ணீர் விட்டுப் பிழிகிற இரண்டாம் பாலில்தான் அன்றைய சமையல் வேகும். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டியபோது எங்கள் மாடிகளில் சிலர் தேங்காய்ப்பால் மாவுக்கு மாறினார்கள். நான் மாறவில்லை. மாவில் பால் கிடைக்கும், பூ கிடைக்காது. ஒரே காயில் இரண்டும் கிடைக்கும்போது அதுதான் கணக்குக்குச் சரி. வேலை நாளில் திருவலையில் உட்கார நேரம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமையே திருவி, ஒரு நேரத்துக்கு ஒரு பையாக ஃப்ரீசரில் போட்டு வைக்கலாம். பிழியுமுன் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற விட்டால் பால் நன்றாக இறங்கும்.

இனிச் சொதி. புட்டோ, இடியாப்பமோ, பாணோ, எது வந்தாலும் சொதி இருந்தால் பிள்ளைகள் சாப்பிட்டு எழும்புவார்கள். ஏழெட்டுச் சின்ன வெங்காயம், நாலு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம், கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, உப்பு. இவற்றை இரண்டாம் பாலில் போட்டு வெங்காயம் மெத்தென்று வரும் வரை அவியுங்கள். பச்சை மிளகாயைத் துண்டு துண்டாக வெட்டாமல் நடுவே கீறி மட்டும் போடுங்கள். வாசம் இறங்கும், பரிமாறும்போது பிள்ளைகளின் கோப்பையிலிருந்து முழுதாக எடுத்துவிடலாம். ஒரு உருளைக்கிழங்கையோ தக்காளியையோ சேர்ப்பது உங்கள் விருப்பம்.

முதற்பாலை விடும் நேரம்தான் கவனம் வேண்டிய இடம். நெருப்பைக் குறைத்து, பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே நில்லுங்கள். ஓரத்தில் சிறு நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் பாலில் உள்ள புரதம் திரண்டு எண்ணெய் வேறு, தண்ணீர் வேறு என்று பிரிந்துவிடும். தேசிக்காய்ப் புளியும் அப்படித்தான். அடுப்பில் இருக்கும்போது விட்டால் திரைந்துபோகும். இறக்கி, ஆவி அடங்கியதும் அரைத் தேசிக்காயைப் பிழியுங்கள். எங்கள் மாமி புளியை மேசையில் வைத்துத்தான் விடுவார். அது இன்னும் நல்லது.

புட்டுக்கு நான் வறுத்த சிவப்பரிசி மா இரண்டு கப்புக்கு அவித்த கோதுமை மா ஒரு கப் கலப்பேன். தனி அரிசி மாப் புட்டு ஆறினால் இறுகிவிடும், கோதுமை சேர்ந்தால் மறுநாள் காலை வரை மெத்தென்று இருக்கும். கோதுமை மாவை அவிப்பது விடுமுறை நாள் வேலை. வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆவியில் வைத்து, சூடு ஆறுமுன் கட்டியை உடைத்து அரித்து, நன்றாக ஆற விட்டு டின்னில் அடைத்துவிடுங்கள். அவித்த மா பச்சை மா மாதிரிப் பசையாக ஒட்டாது. அதனால்தான் புட்டு உதிரியாக வரும்.

மா குழைக்கும்போது தண்ணீர் கொதித்த பிறகு இரண்டு நிமிடம் ஆற விட்டு, உப்பைக் கரைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். கை வைக்க வேண்டாம், அகப்பைக் காம்பால் கிளறுங்கள். ஈரம் பிடித்துப் பெரிய கட்டிகள் வரத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, அரிசி அளக்கிற சுண்டின் வாயால் கொத்துங்கள். சுண்டு இல்லாத வீட்டில் எவர்சில்வர் டம்ளர் போதும். கட்டி எல்லாம் உளுந்தளவுக்கு உடையும் வரை கொத்த வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கினால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பிடிபடாவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர், உதிராவிட்டால் ஒரு பிடி அரிசி மா. அப்புறம் தேங்காய்ப்பூவைக் கலந்து, புட்டு அவிக்கிற ஓலை நீத்துப்பெட்டியில் அமுக்காமல் தளர்வாக நிரப்புங்கள். மேலே ஆவி வந்ததிலிருந்து பத்து நிமிடம்.

நீத்துப்பெட்டிக்குக் கீழே கொதிக்கிற தண்ணீரை வீணாக்க வேண்டாம். முட்டைகளை நன்றாகக் கழுவி அதில் போட்டால், மேலே புட்டு அவியும்போது கீழே முட்டை அவியும். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் இந்த வீட்டில் தொடங்கிய வழக்கம் இது. அந்த வரிசைகள் ஓய்ந்த பிறகும் நான் விடவில்லை. தண்ணீரை மட்டும் வழமையை விடக் கூட வையுங்கள், பானை வற்றிவிடக் கூடாது.

"அம்மா, இண்டைக்கும் புட்டோ?" என்று மூத்தவள் கேட்பாள். புட்டை மாற்றத் தேவையில்லை, பக்கத்தில் வைப்பதை மாற்றினால் போதும். ஒரு நாள் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி, வெங்காயத்தோடு தூள் போட்டு வதக்கியது. இன்னொரு நாள் கத்தரிக்காய்ப் பொரியல். மீன் என்றால் மாலையில் சந்தைக்குப் போய்ப் பயனில்லை, நல்லதெல்லாம் காலையிலேயே போய்விடும். ஞாயிறு காலை வாங்கும்போது பாரையாகப் பார்த்து வாங்குங்கள், முள் குறைவு, பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். வெட்டிக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, ஒரு நேரத்துக்கு ஒரு பையாகப் போட்டு உறைய வையுங்கள். சமைக்கிற நாள் காலையில் ஒரு பையைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு வேலைக்குப் போனால் மாலையில் கறிக்குத் தயார். வெங்காயம், வெந்தயம், பச்சை மிளகாய் வதக்கி, யாழ்ப்பாணத் தூள் இரண்டு தேக்கரண்டி, புளிக்கரைசல், கொஞ்சம் இரண்டாம் பால் விட்டுக் கொதித்த பிறகே மீனைப் போடுங்கள். போட்ட பிறகு அகப்பை வேண்டாம். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் துண்டு உடையாது. எட்டு நிமிடத்தில் இறக்கலாம்.

இடியாப்பம் பிழிய வேலை நாளில் நேரம் இல்லை. வெள்ளவத்தையில் மாலையில் கடைகளில் சூடாகக் கிடைக்கும், வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் புதிதாகிவிடும். சொதியையும் சம்பலையும் மட்டும் வீட்டில் செய்யுங்கள். கடைச் சொதி பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும்.

மிகவும் களைத்து வருகிற நாளுக்குப் பாணும் பருப்பும். பாண் விற்க வருகிற சூன் பாண் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கைக்குள் கேட்டதும் பிள்ளைகள் காசோடு கீழே ஓடிவிடுவார்கள். ஐந்து பேருக்கு இரண்டு இறாத்தல் பாண் வாங்குங்கள். மைசூர்ப் பருப்பை ஊற வைக்கத் தேவையில்லை. கழுவி, மஞ்சள், நாலு பல் உள்ளி, இரண்டு பச்சை மிளகாயோடு தண்ணீரில் போட்டால் கால் மணித்தியாலத்தில் மலர்ந்துவிடும். முதற்பாலும் உப்பும் கடைசியில். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், ஒரு துண்டு ரம்பை இலை தாளித்துக் கொட்டுங்கள். திருவி வைத்த பாதித் தேங்காய் அன்றைக்குச் சம்பலாகும்: செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பிறகு வெங்காயம், கடைசியாகப் பூ, மேலே தேசிக்காய். மாசிக் கருவாடு போடுவதா விடுவதா என்பது வீட்டைப் பொறுத்தது. எங்கள் மாமி வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் அன்றைக்கு மாசி இல்லை.

மரக்கறி ஒன்றாவது மேசையில் இருக்க வேண்டும். இரவில் கீரை கூடாது என்பது மாமியின் சொல், அதற்கு நானும் கட்டுப்படுகிறேன். முருங்கை இலையும் பொன்னாங்காணியும் பகலுக்கு. இரவுக்குப் போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ், எது கையில் இருக்கிறதோ அதை மெல்லியதாக அரிந்து, ஒரு பிடி தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டுச் சட்டியில் இரண்டு பிரட்டுப் பிரட்டினால் வறை ஆயிற்று. மூடிவைத்து அவிய விட்டால் நிறம் போய்விடும்.

மிஞ்சியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புட்டு மிஞ்சினால் காலையில் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து சின்னவனுக்கு. இடியாப்பம் மிஞ்சினால் பிய்த்து வைத்து, மறுநாள் கரட், லீக்ஸ், முட்டை போட்டுக் கொத்தாக்கி மூத்தவளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள். சொதியை மட்டும் மிச்சம் வைக்க வேண்டாம். புளி விட்ட தேங்காய்ப்பால் திரும்பச் சூடு காட்டினால் திரைந்துவிடும், கொழும்பு வெக்கையில் வெளியே வைத்தால் விடியுமுன் புளித்துவிடும். கடைசியில் இருப்பதை இவருடைய கோப்பையிலேயே ஊற்றிவிடுவேன்.